பதிவேட்டில் ஏறிய நான்கு மோதல்கள்

மலைநாட்டில் இருக்கும் கோக்-தாலா வட்டார நூலகத்தில் புர்மாகான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். அதில் முதல் பத்தொன்பது வருடத்தில் கதையும் எழுதினாள். நூற்றுச் சொச்சம் கதைகள். அவற்றில் ஒன்றையாவது முடித்தாளா என்றால், இல்லை.

சோம்பல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல் வரியிலேயே யாருக்காவது கால் வழுக்கும். மூன்றாம் பக்கத்தில் கேட்பவர்களின் தேநீர் கோப்பையிலேயே ஆறிப்போகும். செங்குத்துப் பாறையில் ஒருவன் கயிற்றைப் பிடித்துத் தொங்குவான், கயிறு இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும், அந்த இடத்தில் புர்மாகான் நோட்டை மூடிவிட்டு, "அவ்வளவுதான், ரொட்டி எடுத்துக்கங்க" என்பாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் முகத்தில் உண்மையான வருத்தம் வரும். "எனக்கே தெரியலையே. தெரியாததை எழுதச் சொல்றீங்களா? அது பொய்யில்ல?"

அவள் கணவன் சாதிர் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் சூப்பைக் குடித்துக்கொண்டே கேட்டான்: "அந்தப் பாறையில ஒருத்தன் தொங்கினானே, இன்னமும் தொங்கிட்டுதான் இருக்கானா?"

"இருக்கணும்."

"பதினோரு வருஷமாச்சுடி. கை வலிக்காது?"

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் அவள் கதையைக் கேட்க நூலகத்தின் வாசிப்பு அறையில் ஆறேழு பேர் கூடுவார்கள். அவர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். டோக்கோன் கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவன். முரட்டுக் காளையை ஒற்றைக் கையால் அழுத்திப் பிடிக்கும் உடம்பு, கதையில் கத்தி வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும் மனசு. பொத்திக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம், "குத்திட்டானா? குத்திட்டானா?" என்று கேட்பான். இன்னொருவர் காதிர்குல், ஓய்வு பெற்ற நில அளவையாளர். வட்டாரம் முழுவதையும் அளந்து கல் நட்டவர். எதையும் ஒரு எல்லைக்குள் அடைக்காமல் அவரால் விட முடியாது. கதை முடியாமல் முடிந்ததும் எழுந்து நின்று தீர்ப்புச் சொல்வார்.

"மோதல் நாலே வகைதான். மனுஷனுக்கும் மனுஷனுக்கும், மனுஷனுக்கும் இயற்கைக்கும், மனுஷனுக்கும் ஊருக்கும், மனுஷனுக்கும் தனக்கும். இன்னிக்கு வாசிச்சது மூணாவது. எழுதிக்கம்மா." புர்மாகானும் கதையின் மூலையில் எழுதிக்கொள்வாள்.

வட்டார அலுவலகத்துக்கு மாதாமாதம் ஒரு படிவம் போக வேண்டும். புத்தகம் எத்தனை, வாசகர் எத்தனை, எலி கடித்தது எத்தனை. ஒரு வருடம், மேய்ச்சல் நிலத்திலும் வாய்க்கால் கரையிலும் அடிதடி பெருகிவிட்டதால், எல்லா நிறுவனங்களுக்கும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: மோதல்கள் – எண்ணிக்கை, வகை, தற்போதைய நிலை. மாவு மில்லுக்கும் அதே படிவம், ஊர்ப் பொதுக் குளியலறைக்கும் அதே படிவம். புர்மாகான் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பிவந்தாள். மே மாதம் படிவம் திரும்பி வந்தது. சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தது: ‘கோடு பதிலல்ல.’

அவள் தொலைபேசியில் கேட்டாள்.

"அக்கா, இல்லேன்னா பூஜ்யம்னு போடுங்க" என்றாள் அந்தப்பக்கம் எழுத்தர் பெண். "ஆனா பூஜ்யம் போட்டா, மோதலை நீங்க கவனிக்கவே இல்லைன்னு ஆகும். குளியலறைக்காரரே ரெண்டு போட்டிருக்காரு."

"நூலகத்துல யாருக்கு யாரோட மோதல்?"

"நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா. மனசாட்சிப்படி எழுதுங்க."

மனசாட்சிப்படி என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். புர்மாகான் ஒரு முழு மத்தியானம் யோசித்தாள். நூலகத்தில் மோதல் இருக்கத்தான் செய்தது. அலமாரியின் கீழ்த்தட்டில், நோட்டுக்குள் இருந்தது. பழையதை எல்லாம் விட்டுவிட்டு, அந்த வருடத்துக் கதைகளை மட்டும் எடுத்து நேர்மையாக எழுதினாள்:

‘நான்கு. ஒன்று: மனிதனுக்கும் மனிதனுக்கும். பாலத்தின் மேல், குதிரை காரணமாக. கத்தி வெளியே வந்துவிட்டது. இரண்டு: மனிதனுக்கும் இயற்கைக்கும். அக்-கியா கணவாயில் ஷெர்மத் என்பவர் பனியில் சிக்கியிருக்கிறார். ரொட்டி தீர்ந்துவிட்டது. மூன்று: மனிதனுக்கும் ஊருக்கும். ஒரு பெண்ணின் தோட்டத்துக்கு ஊரே சேர்ந்து தண்ணீரை நிறுத்திவிட்டது. நான்கு: மனிதனுக்கும் தனக்கும். பெய்ஷே என்பவருக்கு வந்த கடிதத்தை நாற்பது நாளாகப் பிரிக்க முடியவில்லை. தற்போதைய நிலை: எதுவும் தீரவில்லை.’

ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை நூலக வாசலில் ஒரு சாம்பல் நிற ஜீப் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு லாரி. லாரியிலிருந்து மண்வெட்டியும் கம்பளித் தொப்பியுமாக எட்டுப் பேர் வியர்க்க விறுவிறுக்கக் குதித்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஜார்லிக்பெக், மோதல் தீர்வுக் குழுத் தலைவர். நெட்டையான மனிதர், மெலிந்த குரல். கையில் புர்மாகானின் படிவம்.

"அக்கா, மத்ததெல்லாம் அப்புறம். மொதல்ல கணவாய். எத்தனை நாளா மாட்டிக்கிட்டிருக்காரு?"

"ரெண்டு நாள். மார்ச்சுலேர்ந்து."

"மார்ச்சுலேர்ந்து ரெண்டு நாளா?"

"நான் மார்ச்சுல எழுதினேன். அவருக்கு ரெண்டு நாள்தான் ஆச்சு."

ஜார்லிக்பெக் மீட்புக் குழுவைப் பார்த்தார். மீட்புக் குழு வானத்தைப் பார்த்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. புர்மாகான் நோட்டை எடுத்துவந்து, இது கதை, இது நான் எழுதியது, இந்த ஷெர்மத் என்று யாரும் கிடையாது என்று காதுவரை சிவந்துபோய்ச் சொன்னாள். அவர் நின்றபடியே பனிக் கதையை முழுவதும் படித்தார். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

"அப்புறம்?"

"தெரியல ஐயா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்கக்கா. உங்க ரிப்போர்ட் நம்பர் ஏறி மாகாணத்துக்குப் போயிடுச்சு. மாகாணத்துலேர்ந்து தலைநகரத்துக்குப் போயிடுச்சு. பதிவான மோதலை அழிக்க முடியாது. தீர்க்கத்தான் முடியும்."

"நடக்காத மோதலையா?"

"நடந்துச்சா நடக்கலையாங்கிறதுக்குக் கட்டம் கிடையாது. தீர்ந்துச்சா தீரலையாங்கிறதுக்குத்தான் இருக்கு. ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும்."

மீட்புக் குழு வந்ததற்கு அடையாளமாக மலைக்குப் போனது. மேய்ச்சல்காரர் கூடாரத்தில் குதிரைப்பால் குடித்துவிட்டு, மாலைக்குள் ‘பனி இல்லை, ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு இறங்கிவந்தது. தலைவர் கேட்டார்: "ஆள் இல்லேன்னா, செத்துட்டாருன்னு போட்டு முடிச்சிடலாமா?"

"ஐயோ, வேணாம்!" என்று புர்மாகான் போட்ட சத்தத்தில் மீட்புக் குழுவே தொப்பியைக் கழற்றியது.

கடைசியில் ஷெர்மத்துக்காக சாதிர் கையெழுத்துப் போட்டான். "எனக்கு இது பழக்கந்தான், அந்தக் கணவாயில ஏழு தடவை பனியில மாட்டிருக்கேன்" என்றான். எதிர்த்தரப்பு இயற்கை. இயற்கைக்காக யார் போடுவது? வனக் காவலரைக் கூப்பிட்டார்கள். அவரிடம் மான் படம் போட்ட ஒரு முத்திரை இருந்தது. நிறைய நேரம் யோசித்தபின் அவர் எழுதினார்: ‘இயற்கையின் சார்பில்: ஷெர்மத் மீது எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை.’ முத்திரையைக் குத்திவிட்டு, "ஆனா வெள்ளம் வந்தா நான் பொறுப்பில்ல, அது வேற இலாகா" என்றார்.

பாலத்துச் சண்டைதான் எளிது என்று எல்லோரும் நினைத்தார்கள். கத்தி வைத்திருப்பவனுக்காக டோக்கோன், எதிராளிக்காக காதிர்குல் என்று ஏற்பாடு. இருவரும் இருபது வருட சிநேகிதர்கள். ஊர்ப் பெரியவர்கள் மன்றத்தின் முன்னால் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுச் சமாதானம் ஆக வேண்டும், அவ்வளவுதான். டோக்கோன் ரொட்டியைப் பிட்டு நீட்டினான்.

"மன்னிச்சிடுங்கண்ணே."

"மன்னிக்கலாம். மொதல்ல குதிரையைக் கொண்டா" என்றார் காதிர்குல்.

"எந்தக் குதிரை?"

"கருங்குதிரை. நெத்தியில வெள்ளை. கதையிலயே இருக்கு, பாலத்துக்குத் தெக்கே நின்னுச்சுன்னு. தெக்கே என் எல்லை. நான் அளந்த பூமி."

டோக்கோனின் கழுத்து நரம்பு புடைத்தது. "அது குட்டியா இருக்கறப்ப ஊசி போட்டுக் காப்பாத்தினது யாரு? நீங்களா?"

"கதையில ஊசியே கிடையாதுடா!"

"ஊசி இல்லாம குதிரை எப்படிண்ணே பிழைக்கும்? அளவுகோல வெச்சா?"

"மாட்டுக்கு வால் பக்கம் நின்னே காலத்தை ஓட்டினவன், குதிரையைப் பத்திப் பேசறான்!"

பெரியவர்கள் ஐந்து பேரும் குதிரை இல்லை என்பதை மறந்துபோனார்கள். ஒருவர் குதிரையின் வயதைக் கேட்டார். இன்னொருவர், அந்த மாதிரி நெற்றி வெள்ளை இருந்த குதிரையைத் தன் மாமனார் வைத்திருந்ததாகவும், அப்படிப் பார்த்தால் தனக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்றும் சொன்னார். ஆடு வெட்டி, இறைச்சியும் வெந்து இறங்கிய பிறகுதான் தீர்ப்பு வந்தது: குதிரை இருவருக்கும் இல்லை, நூலகத்துக்கு. இருவரும் முகத்தை வேறு வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஜார்லிக்பெக் முத்திரை குத்தினார். நூலகத்தின் சொத்துப் பட்டியலில் அலமாரி பதினொன்று, நாற்காலி முப்பது, குதிரை ஒன்று என்று ஏறியது.

மூன்றாவது மோதலுக்கு ஊர் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் போட மறுத்தது. போட்டால் தண்ணீரை நிறுத்தியதாக ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமே! மேலத்தெருக்காரர்கள் இது கீழத்தெருவின் வேலை என்றார்கள். கீழத்தெருவில், "நாங்க நிறுத்தலை, அடைச்சுக்கிட்டதை எடுத்துவிடலை, அவ்வளவுதானே?" என்று கேட்காமலே பதில் சொன்னார்கள். அந்தப் பெண் யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. புர்மாகானுக்குத் தலை சுற்றியது. அவள் அந்தப் பெண்ணை ஒரு பனிக்கால மத்தியானத்தில், அடுப்புக்கு அருகே உட்கார்ந்து, ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கியிருந்தாள்.

மறுநாள் காலை ஊரில் தண்ணீர் ஓடியது. யாரோ மேல்மடையைத் திறந்திருந்தார்கள். வேறு யாரோ நடுமடையையும் திறந்திருந்தார்கள். நான்கு பெண்கள் வெவ்வேறு நேரத்தில் நூலகத்துக்கு வந்து, புர்மாகானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"ஆறு வருஷமா என் முறைக்குத் தண்ணி வரல. நான் யார்கிட்டயும் சொல்லல. உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?" என்று கேட்டாள் முதலில் வந்த சூராகான்.

புர்மாகானால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவதாக வந்த பெண் அழவில்லை. அவளுடைய உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதும் மூழ்கிப்போயிருந்தது. துடைப்பத்தோடு வந்தாள். "இன்னொரு தடவை என்னைப் பத்தி எழுதினே, பாத்துக்க!" என்று வாசிப்பு அறையைச் சுற்றிச் சுற்றித் துரத்தினாள். தண்ணீர் வந்துவிட்டதால் மோதல் தீர்ந்தது என்று ஜார்லிக்பெக் எழுதிக்கொண்டார். ஊர் சார்பில், தங்கள் பெயரைப் படிக்க முடியாதபடி கிறுக்கி, முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள்.

மிஞ்சியது பெய்ஷேயின் கடிதம்.

"இது சும்மா ஒரு ஆள்தானே? அவனே ரெண்டு கையெழுத்தும் போட்டாப் போச்சு" என்றான் சாதிர்.

"போடலாம்" என்றார் ஜார்லிக்பெக். ஆனால் அவர் நகரவில்லை. கதையை மூன்று முறை படித்திருந்தார். "அக்கா, அந்தக் கடிதத்துல என்ன இருக்கு?"

"தெரியாது."

"அதெப்படி, நீங்கதானே எழுதினீங்க?"

"கடிதத்தை நான் எழுதலையே. அது வந்ததைத்தான் எழுதினேன்."

"தெரியாம நான் எப்படி ‘தீர்ந்தது’ன்னு போடறது? எனக்கே தூக்கம் போச்சு. ஜீப் ஓட்டறவருகூட ரெண்டு நாளா அதையே கேட்டுக்கிட்டிருக்காரு." குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "தயவு செஞ்சு முடிங்கக்கா. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

அப்படித்தான் புர்மாகான், தன் ஐம்பத்தோராவது வயதில், ஒரு அரசு அதிகாரி எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவை எழுத உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்குள் ஒன்று எழுதினாள். பெய்ஷே உறையைப் பிரிக்கிறான், கடிதம் அடுத்த வீட்டுக்காரருடையது. ஜார்லிக்பெக் படித்துவிட்டுத் துள்ளி எழுந்தார். "என்னக்கா இது? அப்போ இது தனக்கும் தனக்கும் மோதல் இல்ல, மனுஷனுக்கும் தபால்காரருக்கும்! வகையே மாறுதே! தபால் இலாகாவைக் கூப்பிடணும், புது நம்பர் போடணும்..."

அவள் அதைக் கிழித்துப்போட்டாள். பெய்ஷே கடிதத்தை அடுப்பில் போடட்டுமே என்று அவரே யோசனை சொன்னார். புர்மாகான் தலையசைத்தாள். "போட்டா ஆயுசுக்கும் அதே நெனப்பா இருப்பான். அவன் எனக்குப் பழகின ஆளு. அவனுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன்."

பிறகு அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாக அவள் நோட்டை மூடியது தெரியாததால் மட்டும் இல்லை என்று அப்போது அவளுக்குப் பட்டது. மூடிவிட்டால் எதுவும் இன்னும் நடக்கவில்லை. நடக்காதவரை யாருக்கும் எதுவும் ஆகாது. பெய்ஷேயும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்! அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, என்னதான் இருக்கிறது உள்ளே என்று ஆசையும் வந்தது. எழுதத் தொடங்கினாள்.

பெய்ஷே உறையைப் பிரித்தான். அண்ணன் கையெழுத்து. பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லாத அண்ணன். இரண்டே வரிகள்: ‘வியாழக்கிழமை வருகிறேன். நாயைக் கட்டிப் போடு.’

பெய்ஷேக்கு, ஒரு வியாழக்கிழமை நாய் வெகுநேரம் குரைத்தது ஞாபகம் வந்தது.

புர்மாகான் பேனாவைக் கீழே வைத்து நோட்டை மூடப்போனாள். ஜார்லிக்பெக் அதன் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

"கையெடுக்க மாட்டேன். அவன் அண்ணன் வீட்டுக்குப் போனானா?"

அவள் எழுதினாள். "போனான்."

"அண்ணன் கதவைத் தொறந்தானா?"

பேனா நின்றது. ஜீப் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொறந்தான்" என்றாள் புர்மாகான். "கால்ல கட்டோட. ‘நாயி நல்லா இருக்கா?’ன்னு கேட்டான்."

ஜார்லிக்பெக் மூக்கைச் சிந்தினார். பெய்ஷேயின் பெயரில் புர்மாகான் வலது கையால் ஒரு கையெழுத்தும் இடது கையால் ஒரு கையெழுத்தும் போட்டாள். இரண்டும் ஒன்றோடொன்று கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. அதுவே சரியான சாட்சி என்று தலைவர் முத்திரை குத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வாசிப்பு அறையில் அந்த முடிவை வாசித்தாள். டோக்கோன் விசும்பினான். எதிர்மூலையில் உட்கார்ந்திருந்த காதிர்குல் அவனைப் பார்க்காமல், "இது எந்த வகைன்னு தெரியல" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. குதிரை விஷயத்தில் அவர்கள் இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. கல்யாண வீடுகளில் இருவரையும் எதிரெதிர் வரிசையில் உட்காரவைக்கிறார்கள்.

இலையுதிர்காலத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. ஒரே மாதத்தில் நான்கு மோதலைத் தீர்த்த ஒரே நூலகம் என்று. கூடவே, சொத்துப் பட்டியலில் இருந்த குதிரைக்காக ஒரு வண்டி வைக்கோல். புர்மாகான் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தாள். குதிரை செத்ததற்குக் கால்நடை ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இல்லாமல் திருப்ப முடியாது என்றார்கள். சான்றிதழ் தர வேண்டியவன் டோக்கோன். "என் குதிரையை நானே சாகடிக்கிறதா?" என்று அவன் மறுத்துவிட்டான். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் வைக்கோல் வந்தது. அதைச் சூராகானின் பசுவுக்குப் போட்டார்கள். புர்மாகான் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ‘குதிரையின் சம்மதத்துடன்’ என்று எழுதிவைத்தாள்.

அடுத்த காலாண்டுக்கு ஐந்து மோதல் தீர்க்க வேண்டும் என்று உத்தரவு. எழுதினாள். ஐந்தையும் முடித்தாள். முடிவு தேடிக் கஷ்டப்பட்டாள், சில சமயம் அழுதாள், ஒருமுறை ஒரு நல்ல மனிதனைச் சாகவிட வேண்டிவந்து இரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஆனால் பாதியில் நோட்டை மூடவில்லை. வாசிப்பு அறைக்கு வருகிறவர்கள் நாற்பது பேராகி, நாற்காலி போதாமல் குளியலறையிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள்.

அவள் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் மாதக் கடைசியில் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். பக்கத்து வட்டாரத்து நூலகர்கள், பூஜ்யம் போட்டுத் திட்டு வாங்கியவர்கள்.

"அக்கா, உங்ககிட்ட உபரியா மோதல் ஏதாவது இருக்கா? சின்னதா இருந்தாப் போதும்."

"என்ன வகைம்மா வேணும்?"

"எதுவானாலும் சரிக்கா. ரத்தம் மட்டும் வேணாம். எங்க மன்றத்துப் பெரியவருக்கு ரத்தம் ஆகாது."

புர்மாகான் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டைப் புரட்டுவாள். "ஒரு கிணறு இருக்கு. உள்ள ஒருத்தன் இருக்கான். மேலேயிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, அவன் பதில் குடுக்க மாட்டேங்கறான்."

"ஏன்க்கா?"

"கொஞ்சம் பொறும்மா" என்று அவள் பேனாவைத் தேடுவாள். "சாயங்காலத்துக்குள்ள கேட்டுச் சொல்றேன்."